தாத்தா ஒரு பெண்ணின் பெயரில் எழுதினார்: அது பொய்ப்பெயரா, புனைபெயரா?

குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை, நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தாத்தா ஊர்க் கர்ணமாக, அதாவது கிராமக் கணக்குப்பிள்ளையாக, இருந்தவர். 1961 முதல் 1968 வரை வார, மாத இதழ்களில் பதினான்கு சிறுகதைகளை ஒரு பெண்ணின் பெயரில் எழுதியிருக்கிறார். 1987இல் அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து, பரணில் கிடந்த தகரப் பெட்டியில் அந்தக் கதைகளின் நறுக்குகளும், அந்தப் பெண் பெயருக்கு வாசகர்கள் எழுதிய நாற்பதுக்கு மேற்பட்ட கடிதங்களும் கிடைத்திருக்கின்றன. கதைகளை நூலாக்க வேண்டும் என்பது பேரனின் ஆசை. "பொம்பளை பேர்ல எழுதி ஊரை ஏமாத்தினார்னு நாலு பேர் பேசுவாங்க, வேண்டாம்டா" என்பது அத்தையின் அச்சம். அட்டையில் எந்தப் பெயரைப் போடுவது என்றுதான் கேள்வி முடிகிறது. ஆனால் அத்தையின் சொல் உறுத்தியிராவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆகவே உண்மையில் கேட்கப்படுவது, வேறு பெயரில் எழுதியவர் யாரையாவது ஏமாற்றினாரா என்பதே என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு நூலகத்தின் பட்டியல் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒரே ஆசிரியர் நான்கு பெயர்களில் எழுதியவற்றை வாசகர் ஓரிடத்தில் கண்டுபிடிக்கும்படி பட்டியல் அட்டை எழுதுவதும், ஒரே பெயருள்ள இரண்டு ஆசிரியர்களைப் பிரித்துக் காட்டுவதும் என் அன்றாடப் பணியாக இருந்தன. என் தந்தையார் கும்பகோணத்தில் பத்திர எழுத்தர். பெயரால் வந்த வில்லங்கங்களைத் திண்ணையில் கேட்டே வளர்ந்தேன். சட்டத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும், நான் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். புனைதல் என்ற வினைக்கு அணிதல், சூடுதல், அழகுபடுத்துதல், தீட்டுதல், இயற்றுதல் என்று பல பொருள்கள் உண்டு. மாலை புனைகிறோம், கவிதை புனைகிறோம். நெடுநல்வாடையில் வரும் 'புனையா ஓவியம்' வண்ணம் தீட்டப்படாத ஓவியம். இல்லாததைக் கட்டிச் சொல்லுதல் என்பது அந்த வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு பொருள். அதையே முழுப்பொருளாகக் கொண்டதால்தான் உங்கள் அத்தைக்கு மனம் கலங்கியிருக்கிறது. புனைபெயருக்கு எதிரில் நாம் வழக்கமாக வைப்பது 'மெய்ப்பெயர்' என்ற சொல்லை அல்ல, 'இயற்பெயர்' என்ற சொல்லை என்பதையும் கவனியுங்கள். இயற்பெயர் தொல்காப்பியத்திலேயே உள்ள சொல். சிறப்பினால் வந்த பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வரும்போது இயற்பெயரை முதலில் சொல்லலாகாது என்று அதில் ஒரு விதியும் இருக்கிறது. 'கல்கி கிருஷ்ணமூர்த்தி' என்று நாம் சொல்லும்போது, இலக்கணம் படிக்காதவர்கள்கூட அந்த விதியைத் தெரியாமலே காப்பாற்றுகிறோம்.

புனைபெயரையும் பிறர் இட்டபெயரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குறுந்தொகையில் 'செம்புலப் பெயல்நீர்' என்று பாடியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். ஈரம் பட்ட நிலத்தில் ஒற்றை ஏரை வைத்துக்கொண்டு தவிக்கும் உழவனைப் பாடியவர் ஓரேருழவனார் ஆனார். பாட்டின் தொடரையே பெயராக்கி ஏட்டில் வைத்தவர்கள் தொகுத்தவர்கள் என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் கருத்து. புனைபெயர் என்றால் அதைச் சூடியவரின் சம்மதம் அதில் இருக்க வேண்டும்.

இனி நம் பக்கத்து வழக்கத்துக்கு வருகிறேன். காவிரிப் படுகையில் ஒருவருக்கு ஒரே பெயர் இருந்த காலம் எது என்று எனக்குத் தெரிந்த வரை சொல்ல முடியாது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். பாட்டனின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், பெற்ற பிள்ளையையே அவள் 'தம்பி' என்றோ 'துரை' என்றோ வேறு பெயரில் கூப்பிடுவாள். அந்த வேறு பெயரே தெருவிலும் களத்துமேட்டிலும் நிலைத்துவிடும். முன்பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்த குழந்தைக்குப் 'பிச்சை' என்றும் 'குப்பை' என்றும் பெயரிட்டு எமனின் கண்ணுக்கு மறைத்தார்கள். இவையெல்லாம் கடைசியில் என் தந்தையாரின் திண்ணைக்கு வந்து சேரும். "இராமலிங்கம் என்கிற பிச்சை" என்று கிரயப் பத்திரத்தில் எழுதாமல் விட்டால், இரண்டு தலைமுறை கழித்துப் பட்டா மாற்றும்போது இராமலிங்கமும் பிச்சையும் ஒருவரே என்று மெய்ப்பிக்கப் பேரன்கள் தாலுகா அலுவலகப் படியேற வேண்டும். வாக்காளர் பட்டியலிலும் திருமண அழைப்பிதழிலும் நாம் காணும் அந்தச் சின்ன '(எ)', 'என்கிற' என்பதன் சுருக்கம்தான். உங்கள் தாத்தா கர்ணம்; அடங்கலிலும் சிட்டாவிலும் இந்த '(எ)'வைத் தம் கையால் நூறு முறையாவது எழுதியிருப்பார். இன்னொரு பெயரை அவர் பொய்யாகக் கருதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நம் பக்கத்தில் உள்ள மிக அழகான சான்று உ.வே. சாமிநாதையர். உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855இல் பிறந்த அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்டது சாமா. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது, வேங்கடராமன் என்று அழைக்கப் பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை. வேறு பெயர் உண்டா என்று கேட்டு, சாமா என்பது சாமிநாதன் என்பதன் குறுக்கம் என்று அறிந்து, அப்படியே அழைக்கலானார். வீட்டில் குழந்தையைக் கொஞ்சக் கூப்பிட்ட பெயர்தான் சங்க நூல்களின் முகப்பில் ஏறியது. ஏட்டுச்சுவடிகளுக்கு ஊர் ஊராக அலைந்தவர் வேங்கடராமனா, சாமிநாதனா என்று யாரும் கேட்பதில்லை.

இசையில் இந்த வழக்கத்துக்கு முத்திரை என்று பெயர். திருவாரூரில் பிறந்த மூவரில் தியாகராஜர் தம் பெயரையே கீர்த்தனையில் வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். வேங்கடசுப்பிரமணியன் என்ற இயற்பெயருடைய சியாமா சாஸ்திரி 'சியாமகிருஷ்ண' என்று பாடினார். தருமபுரம், திருவாவடுதுறை போன்ற ஆதீனங்களில் துறவு பெறுவோர் ஏற்கும் பெயர் இவற்றிலிருந்து வேறானது. அங்கே பழைய பெயர் 'பூர்வாசிரமப் பெயர்' ஆகிவிடுகிறது. இரண்டு பெயரும் ஒன்றாக வாழ்வதில்லை. நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்த வேதாசலம் 1916இல் மறைமலை ஆனதும் அப்படித்தான்: வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் மொழிபெயர்க்கப்பட்டன. அதைப் புனைபெயர் என்று பட்டியலில் குறித்தால் பிழை, அது பெயர்மாற்றம்.

எழுத்தாளர்கள் புனைபெயர் சூடியதற்குக் காரணங்கள் பல. சிலவற்றுக்கு உறுதியான செய்தி உண்டு, சில வெறும் செவிவழிக் கதை. மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி ஏன் 'கல்கி' ஆனார் என்பதற்கு, திரு.வி. கல்யாணசுந்தரத்தின் பெயரிலிருந்து 'கல்' என்பதையும் தம் பெயரிலிருந்து 'கி' என்பதையும் சேர்த்தார் என்றும், பத்தாவது அவதாரத்தின் பெயரை எடுத்தார் என்றும் இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. இப்படிப்பட்ட விளக்கங்களை நான் எப்போதும் பென்சிலால்தான் எழுதி வைப்பேன். கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தியின் விஷயம் தெளிவானது: இயற்பெயர் வேங்கட மகாலிங்கம், வழங்குபெயர் பிச்சமூர்த்தி, புனைபெயர் பிக்ஷு. அதே ஊர்க் கு.ப. ராஜகோபாலன் 'கரிச்சான்' என்றும் எழுதினார். அவர்மேல் கொண்ட பற்றால் ஆர். நாராயணசாமி 'கரிச்சான் குஞ்சு' ஆனார். எஸ். மணிக்கு 'மௌனி' என்று பெயர் வைத்தவர் பி.எஸ். ராமையா. பழைய தஞ்சை மாவட்டத்துப் பழையனூரில் 1921இல் பிறந்த ராசகோபாலன், பாரதிதாசனின் இயற்பெயரைத் தாங்கிச் 'சுப்புரத்தினதாசன்' ஆகி, அதைச் 'சுரதா' என்று சுருக்கிக்கொண்டார். பாரதிக்கு ஒரு தாசன், அந்தத் தாசனுக்கு ஒரு தாசன் என்று போகும் இந்தச் சங்கிலியில் ஒளிவு எங்கே இருக்கிறது? தாம் யாருடைய வழியில் வந்தவர் என்பதைப் பெயரே ஊரறியச் சொல்கிறது.

ஆண் ஒருவர் பெண் பெயரில் எழுதுவது இவற்றிலிருந்து ஒரு படி தள்ளியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் தாத்தா தனியாள் அல்லர். 1927இல் கும்பகோணத்தில் பிறந்த ரா.கி. ரங்கராஜன் சூர்யா, ஹம்சா போன்ற பெயர்களோடு மாலதி என்ற பெயரிலும் எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு வகை எழுத்தை ஒதுக்கிவைத்திருந்தார். அவர் பெயரோடு தம் பெயர் குழம்பக் கூடாது என்பதற்காகவே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த இன்னொரு ரங்கராஜன் தம் மனைவியின் பெயரைச் சூடிச் சுஜாதா ஆனார். இருவருக்கும் இது வெட்கமாக இருந்ததில்லை; வாசகர்களும் இதற்காக அவர்களைக் கைவிட்டதில்லை.

கர்ணத்துக்கு இருந்த காரணம் வேறாக இருக்கலாம். எந்த வீட்டில் எத்தனை மா நிலம், எது ஒத்திக்குப் போனது, எந்த அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு என்பதெல்லாம் அவர் கணக்கில் இருந்தவை. நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கங்களில் பாகப்பிரிவினையும் விதவைப் பெண்ணின் ஜீவனாம்சமும் திரும்பத் திரும்ப வருகின்றன. இதைத் தம் பெயரில் எழுதியிருந்தால், அக்கிரகாரமும் குடியானத் தெருவும் ஒவ்வொரு கதையிலும் தங்களைத் தேடியிருக்கும். இது என் ஊகம். பெட்டியில் இதற்கு எழுத்துச் சான்று இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. இதழாசிரியர்களை அவர் ஏமாற்றவில்லை என்பதற்கு மட்டும் சான்று தேடலாம். அக்காலத்தில் சன்மானம் மணியார்டரில் வரும். தபால்காரர் பெயர்தாரரிடம் கையெழுத்து வாங்கித்தான் பணத்தைக் கொடுப்பார். இல்லாத பெண்ணின் பெயருக்குப் பணம் வந்தால், ஊரையே தெரிந்த தபால்காரர் அதைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஆகவே இயற்பெயரையும் முகவரியையும் இதழுக்குத் தெரிவித்திருக்கவே வாய்ப்பு அதிகம். மணியார்டர் கூப்பன்கள் பெட்டியின் அடியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எனக்கு உறுத்தல் இருப்பது கதைகளில் இல்லை, கடிதங்களில். மூன்று கடிதங்களில் பெண்கள் 'அக்கா' என்று விளித்துத் தங்கள் வீட்டுத் துன்பத்தை எழுதி வழி கேட்டிருக்கிறார்கள் என்றும், அவற்றில் ஒருவர் 'நீங்கள் சொன்னபடியே செய்தேன்' என்று மறுபடி எழுதியிருக்கிறார் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் தாத்தா அக்காவாகவே பதில் எழுதியிருக்கிறார். இதழில் அச்சாகும் பெயர் புனைபெயராக இருக்கக்கூடும் என்பது வாசகர் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அந்த அளவில் அங்கே ஏமாற்று இல்லை. தனிக்கடிதத்துக்கு அந்தப் பொது அறிவிப்பு கிடையாது. முகமறியாத ஆண் ஒருவருக்குக் கடிதம் எழுதினார் என்று வெளியே தெரிந்தால், 1960களில் அந்தப் பெண்ணின் வாழ்க்கையே நிலைகுலைந்திருக்கும். பெண் என்று நம்பியதால்தான் அவர் எழுதினார். அந்த நம்பிக்கையைக் கொண்டு கிடைத்ததை உங்கள் தாத்தா நல்ல வழிக்கே பயன்படுத்தியிருக்கலாம். ஆனாலும் நேர்மையாகக் கிடைத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேலும், பெண் ஒருவர் எழுதினாலே 'கணவர் எழுதிக் கொடுத்திருப்பார்' என்று பேசிய காலம் அது. பெண் பெயரில் ஆண்கள் எழுதியது, உண்மையாகவே எழுதிய பெண்கள்மேல் அந்தச் சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்தது. அத்தை சொன்னதில் உண்மை இருக்குமானால் அது இந்த அளவுதான் என்பது என் தீர்ப்பு. அந்த மூன்று கடிதங்களையும் நூலில் சேர்க்காதீர்கள். தாள் உங்களுடையதாக இருக்கலாம். அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை எழுதியவருடையது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் பக்கத்து ஊரில் இருக்கக்கூடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேறு பெயரில் எழுதுவது குற்றமன்று. ஆள்மாறாட்டம் குற்றமாவது அதைக் கொண்டு ஏமாற்றும்போது. கற்பனைப் பெயரைக் கொண்டு ஏமாற்றினாலும் அது குற்றமே என்று பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. பதிப்புரிமைதான் உங்களுக்கு முக்கியம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, புனைபெயரில் வெளியான படைப்பின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். அதற்குள் ஆசிரியர் யார் என்பது வெளிப்பட்டுவிட்டால், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். முதல் கணக்கின்படி 1961இல் வந்த கதையின் உரிமை 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. 1968இல் வந்ததற்கு 2028 இறுதி வரை உண்டு. இரண்டாம் கணக்கின்படி, அந்த 60 ஆண்டுக்குள் ஆசிரியர் வெளிப்பட்ட கதைகளுக்கு 2047 இறுதி வரை குடும்பத்தின் உரிமை. எது பொருந்தும் என்பதில்தான் சிக்கல். ஆசிரியரும் வெளியீட்டாளரும் சேர்ந்து வெளிப்படையாக அறிவிப்பதையோ, ஆசிரியரே உரிய மன்றத்தில் நிறுவுவதையோதான் சட்டம் வெளிப்பாடாகக் கொள்கிறது. ஆசிரியர் மறைந்தபின் பேரன் அறிவிப்பது அதில் அடங்குமா என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் நூலை வெளியிடுவதற்கு எந்தக் கணக்கும் தடையில்லை. பிறர் வெளியிட்டால் தடுக்க முடியுமா என்பதில்தான் இரண்டுக்கும் வேறுபாடு.

அட்டைக்கு வருகிறேன். 1892இல் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியல் விதிகளில், தலைப்புப் பக்கத்தில் புனைபெயர் இருந்தால் அதையே முதன்மையாகக் கொண்டு, அது புனைபெயர் என்று குறிக்கச் சொல்கிறார். நூலைத் தேடி வருபவர் எந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு வருகிறாரோ அந்தப் பெயரில் நூல் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நியாயம். 1960களில் அந்தக் கதைகளைப் படித்தவர் யாராவது இன்று தேடினால், கர்ணத்தின் பெயரைத் தேடமாட்டார். எனவே அட்டையில் அந்தப் பெண் பெயரையே பெரிதாகப் போடுங்கள். தலைப்புப் பக்கத்தில் அதன் கீழே சிறிய எழுத்தில் தாத்தாவின் இயற்பெயரைப் போடுங்கள். உள்ளே ஒரு பக்கக் குறிப்பில், அவர் கர்ணமாக இருந்ததையும், இதழ்களின் பெயரையும் தேதியையும், வாசகர் கடிதங்கள் வந்ததையும் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் ஊர் பேசும். நறுக்குகளில் தேதி இல்லாதவற்றுக்குத் தேதியைக் கண்டுபிடிக்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன 60 ஆண்டுக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

கடைசியாக ஒரு பட்டியல்காரனின் கவலை. பள்ளிச் சான்றிதழில் உங்களுக்கும் தாத்தாவின் பெயர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தந்தையாருக்கும் அவருடைய தாத்தாவின் பெயரே என்பதால் முன்னெழுத்தும் ஒன்றாகிவிட்டது. இராசகேசரி, பரகேசரி என்று சோழர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்டதால், வெறும் பட்டப்பெயரும் ஆட்சியாண்டும் மட்டுமே உள்ள கல்வெட்டு எந்த அரசனுடையது என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் இன்னமும் திண்டாடுகிறார்கள். உங்கள் நூலின் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியரின் இயற்பெயராக ஒரு முறையும் பதிப்பாசிரியராக ஒரு முறையும் அதே முன்னெழுத்தோடு அதே பெயர் வந்தால், 1987இல் மறைந்தவர் இப்போது முன்னுரை எழுதியிருக்கிறார் என்று எந்த நூலகத்திலும் பதிந்துவிடுவார்கள். தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பிறந்த, மறைந்த ஆண்டுகளைப் போட்டுவிடுங்கள். உங்கள் பெயரோடு உங்கள் அம்மா உங்களைக் கூப்பிட்ட பெயரை '(எ)' போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.